கடலில் மட்டும் பொய் சொல்லாதீர்கள்!

முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது.

முப்பத்தொரு வயசு, எம்.சி.ஏ., ஒரு பைக், இ.எம்.ஐ.யில் ஒரு ஃப்ளாட்... எல்லாம் இருக்கிறது. நீச்சல் மட்டும் கிடையாது. மெரினாவில் அலை முழங்காலைத் தொட்டால், ‘பேன்ட் நனையுதுப்பா’ என்று சாக்குச் சொல்லிக் கரையேறுகிற ரகம்.

அப்பேர்ப்பட்ட நான் கிரீஸ் நாட்டில் ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

எல்லாம் ஆபீஸ் கேன்டீனில் ஆரம்பித்தது. நாங்கள் நாலு பேர். பெயரைப் போட்டால் அவரவர் வீட்டில் உதை விழும் என்பதால் பட்டப்பெயர்கள். பனியன் கிழிகிற அளவுக்கு உடம்பை ஏற்றி வைத்திருக்கும் ‘ஜிம்’. டீக்கு நாலு ரூபாய் அதிகம் வாங்கினாலும் பில் கேட்கும் ‘அக்கவுண்ட்ஸ்’. நெற்றியில் விபூதி கலையாத, வாய் அதிகம் திறக்காத ‘சாமி’. அப்புறம் நான்.

“மாலத்தீவு, பாலின்னு எல்லாவனும் போறான். நாம யாட்ச் எடுப்போம்டா!” என்றான் ஜிம்.

யாட்ச்! என் கண் முன்னால் வெள்ளை சூட், கறுப்புக் கண்ணாடி, கையில் கோப்பை எல்லாம் வந்து போயின. ‘நம்ம சம்பளத்துக்கு துடுப்புதான்டா வாடகைக்குக் கிடைக்கும்’ என்றுதான் நினைத்தேன். ஆனால், அக்கவுண்ட்ஸ் டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போட ஆரம்பித்தபோது விஷயமே வேறாக இருந்தது.

மத்தியதரைக் கடலில் இது ஒரு பெரிய தொழில். 38 அடி நீளத்தில் ஒரு பாய்மரப் படகு. மூன்று படுக்கையறை, குட்டிச் சமையலறை, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே. சனிக்கிழமை சாயங்காலம் சாவி கொடுப்பார்கள். அடுத்த வெள்ளி சாயங்காலம் கிளம்பின இடத்துக்கே திரும்பி, சனி காலையில் இறங்கிவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வாடகை எக்கச்சக்கம். மே மாதமோ, செப்டம்பர் கடைசியோ போனால் கிட்டத்தட்ட பாதி.

எடுப்பதிலும் இரண்டு வகை. படகை மட்டும் எடுத்து நீங்களே ஓட்டலாம். அதற்குப் பாய்மரம் ஓட்டும் லைசென்ஸ் ஒருவருக்காவது வேண்டும். கூட அனுபவமுள்ள இன்னொருவரும் வேண்டும் என்று கிரீஸில் கேட்கிறார்கள். எங்கள் நாலு பேரிடமும் இருந்தது டூ வீலர் லைசென்ஸ். ஆகவே இரண்டாவது வகை: படகோடு ஒரு கேப்டனையும் சம்பளத்துக்கு அமர்த்துவது. கேப்டனுக்குத் தனி அறை தர வேண்டும், சாப்பாடும் நம் செலவு.

2024 செப்டம்பர் கடைசி வாரத்துக்கு எங்கள் கணக்கு இது: படகு 1,800 யூரோ. கேப்டன் ஒரு நாளைக்கு 200 வீதம் 1,400. துடைத்துக் கழுவுவது, டீசல், துறைமுகக் கட்டணம் எல்லாம் 400. சாப்பாடு 800. மொத்தம் 4,400. நாலால் வகுத்தால் 1,100. யூரோ அப்போது தொண்ணூறு ரூபாய்ச் சொச்சம். ஆக, தலைக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. விமான டிக்கெட் தனி, 90 யூரோ விசா கட்டணம் தனி. படகுக்கு ஏதாவது ஆனால் பிடித்துக்கொள்ள 2,000 யூரோ டெபாசிட்டை கார்டில் முடக்கி வைத்தார்கள். அது திரும்பி வருகிற பணம். வரும் வரைக்கும் அக்கவுண்ட்ஸ் தூங்கவில்லை என்பது வேறு கதை.

எந்தக் கடல்? கிரீஸில் கிழக்கே ஏஜியன் கடல், மேற்கே அயோனியன் கடல். ஏஜியனில் கோடையில் ‘மெல்டெமி’ என்று ஒரு வடகாற்று அடிக்கும். அடித்தால் நாள் கணக்கில் அடிக்கும். பழக்கப்பட்டவர்களே துறைமுகத்தில் கட்டிப்போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்களாம். அயோனியனில் ‘மைஸ்ட்ரோ’. காலையில் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து காற்று கிளம்பும், பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும். ஆபீஸ் டைம் மாதிரி வேலை செய்கிற காற்று! புதுசாகப் போகிறவர்களுக்கு அயோனியன்தான் நல்லது என்றார்கள். சரி என்றோம்.

ஏதென்ஸிலிருந்து பஸ். ஐந்து மணி நேரத்துக்கு மேல். வழியில் 2004-ல் திறந்த ரியோ-ஆண்டிரியோ பாலம், கடலுக்கு மேலே கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். லெஃப்கடா தீவுக்குள்ளே நுழைவது ஒரு மிதக்கும் பாலத்தின் மேல். படகுகள் போவதற்காக அது அவ்வப்போது திறந்து வழிவிடுகிறது. ஜிம் வாயைப் பிளந்துகொண்டு செல்ஃபி எடுத்தான்.

படகுத்துறையில் எங்கள் கேப்டனைப் பார்த்ததும் நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். தாடி வைத்து, பைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் வருவார் என்று எதிர்பார்த்தோம். வந்தது இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். வெயிலில் கறுத்த முகம், காலில் செருப்பு இல்லை. எங்கள் சக்கரம் வைத்த சூட்கேஸ்களை ஒரு பார்வை பார்த்தார்.

“இதை எங்க வைக்கப் போறீங்க?” (அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்தது இப்படித்தான்.)

படகில் சூட்கேஸ் வைக்க இடமே கிடையாது. மடக்கிச் சுருட்டுகிற துணிப் பையில்தான் சாமான் கொண்டுபோக வேண்டும். நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

இடம் என்றதும் இன்னொன்று. மூன்று அறையில் கேப்டனுக்கு ஒன்று போனால் மிச்சம் இரண்டு. இரண்டிலும் டபுள் பெட். முன்பக்கத்து அறைக் கட்டில் முக்கோண வடிவத்தில் இருக்கும். தலைப்பக்கம் தாராளம், கால்பக்கம் நாலு காலும் ஒரே இடத்தில். ஏழு ராத்திரி ஜிம்மின் காலோடு என் கால் குடும்பம் நடத்தியது.

அடுத்தது கழிப்பறைப் பாடம். “நீங்க வாயால சாப்பிடாத எதுவும் இதுக்குள்ள போகக் கூடாது” என்றார் கேப்டன். பேப்பர்கூட கூடையில்தான். முடித்ததும் கையால் பம்ப் அடிக்க வேண்டும், இருபது தடவை. குழாய் அடைத்துக்கொண்டால் அடைத்தவரே கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். அந்த வாரம் எங்களை மாதிரி ஒழுக்கமாக பம்ப் அடித்தவர்கள் அயோனியன் கடலிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

பிறகு லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான், ரேடியோவில் ஆபத்துக்குக் கூப்பிட 16-ஆம் சேனல்... வரிசையாகக் காட்டினார். கடைசியில் சாதாரணமாகக் கேட்டார்:

“எல்லாருக்கும் நீச்சல் தெரியும்தானே?”

ஜிம் கை தூக்கினான். அக்கவுண்ட்ஸ் தூக்கினான். சாமி பாதி தூக்கினான். நான்... நானும் தூக்கினேன். தூக்கியதோடு நிறுத்தியிருக்கலாம். “காலேஜ் டேஸ்ல நிறைய...” என்று வேறு இழுத்தேன். சின்ன வயசுப் பெண், முன்னாலே நிற்கிறாள், நாலு ஆண்பிள்ளைகள். புரிகிறதல்லவா?

ஞாயிறு காலை கால்வாய் வழியாகத் தெற்கே இன்ஜினில் போனோம். மதியம் மைஸ்ட்ரோ கிளம்பியது. கேப்டன் பாயை விரித்து இன்ஜினை அணைத்தார். அந்த நிமிஷத்தை மறக்கவே முடியாது. சத்தமே இல்லை! தண்ணீர் படகைத் தடவிக்கொண்டு போகிற சளசளப்பு மட்டும்.

உடனே படகு ஒரு பக்கம் சாய்ந்தது. சமையலறையில் சாமியின் சாம்பார்ப் பொடி டப்பா உருண்டது. “கவுந்துடும்... கவுந்துடும்!” என்று அக்கவுண்ட்ஸ் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கவிழாதாம். அடியில் டன் கணக்கில் கனமான இரும்பு இருக்கிறது. நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி, சாய்க்கச் சாய்க்க எழுந்து நிற்கும்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கு நேராகப் பாயில் போக முடியாது. 45 டிகிரி இந்தப் பக்கம் கொஞ்ச தூரம், அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் போக வேண்டும். வேகம் 6 நாட். மணிக்கு 11 கிலோமீட்டர். நம்ம ஊர் டவுன் பஸ்ஸே ஓவர்டேக் செய்துவிடும். ஆனால், அந்த வேகத்தில் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், கழுத்தில் மாட்டியிருந்த ஆபீஸ் பேட்ஜ் கழன்று விழுந்த மாதிரி இருந்தது.

வழியில் ஸ்கார்பியோஸ் தீவு. கிரேக்கக் கப்பல் அதிபர் ஒனாஸிஸ் வைத்திருந்த தீவு. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் விதவை ஜாக்குலினை அவர் 1968 அக்டோபரில் கல்யாணம் பண்ணிக்கொண்டது இங்கேதான். “தீவையே வாங்கினவருக்கும் இதே காத்து, இதே தண்ணி. நமக்குத் தலைக்கு ஒரு லட்சம்தான்” என்றான் அக்கவுண்ட்ஸ். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஒரு செலவை நியாயப்படுத்தினான்.

சாயங்காலம் நாலரை மணி. மெகனிசி தீவில் மரங்கள் சூழ்ந்த ஒரு சின்ன விரிகுடா. அங்கேதான் அது நடந்தது.

இடம் குறுகலாக இருந்தால் படகு நங்கூரத்தைச் சுற்றிச் சுழலக் கூடாது. அதனால் முன்பக்கம் நங்கூரத்தைப் போட்டு, பின்பக்கமாகக் கரையை நோக்கி வந்து, ஒரு நீளக் கயிற்றைக் கரையில் பாறையிலோ மரத்திலோ கட்டிவிடுவார்கள். கயிற்றை எடுத்துக்கொண்டு ஒருவர் நீந்திப் போக வேண்டும். இருபது மீட்டர்தான்.

கேப்டன் வேலையைப் பிரித்தார். ஜிம்முக்கு நங்கூரம். பட்டனை அமுக்குகிற வேலைதான், ஆனாலும் புஜத்தை மடக்கிக்கொண்டு அமுக்கினான். அக்கவுண்ட்ஸுக்கு, பக்கத்துப் படகில் இடிக்காமல் ரப்பர் மிதவையைப் பிடிக்கிற வேலை. சாமிக்குக் கயிற்றைச் சிக்கல் இல்லாமல் விடுகிற வேலை. “நீங்க காலேஜ் ஸ்விம்மர். கயிறோட குதிங்க.”

பின்பக்கப் படியில் நின்றேன். கையில் கயிறு. கீழே பச்சைத் தண்ணீர், அடி தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மலை இடுக்கிலிருந்து குப்பென்று ஒரு காற்று. படகின் மூக்கு திரும்பியது. ஒரு ஜெர்மன் கொடி போட்ட பக்கத்துப் படகை நோக்கிப் பக்கவாட்டில் நழுவ ஆரம்பித்தோம். அதிலிருந்த பெரியவர் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஓடி வந்தார்.

“ஜம்ப்! நவ்!” கேப்டனின் குரல்.

ஒரு காலைத் தூக்கிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன் சார், குதித்திருப்பேன். அதுதான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது. செத்துப்போவதைவிட, நாலு பேர் முன்னால் ‘தெரியாது’ என்று சொல்வது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அம்மா முகம் வந்தது. என்ன காரணத்தாலோ இ.எம்.ஐ. தேதியும் வந்தது.

“ஐ கான்ட் ஸ்விம்!” என்று கத்தினேன். கத்தின குரல் விரிகுடா முழுக்க எதிரொலித்தது.

கேப்டன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஓகே” என்றார். ஒரே ஒரு ஓகே. இன்ஜினை முன்னால் தள்ளினார், நங்கூரத்தை ஏற்றச் சொன்னார். ஜெர்மன்காரர் படகைக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உரசாமல் கடந்து வெளியே வந்தோம். எனக்குக் காலெல்லாம் வெடவெட.

வெளியே நிறுத்திவிட்டுக் கேட்டார்: “இப்ப நிஜமா சொல்லுங்க. யாருக்கு நீச்சல் தெரியும்?”

“எனக்கு ஸ்விம்மிங் பூல்ல ஒரு சுத்து. அதுவும் ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு...” என்றான் அக்கவுண்ட்ஸ்.

“எனக்கு வரும் மேடம். ஆனா கண்ணைத் திறந்தா வராது” என்றான் ஜிம்.

சாமி மெல்லிய குரலில் சொன்னான்: “நான் தாமிரபரணிக்காரன். ஏழு வயசுல ஆத்துல இறங்கினவன். யாரும் கேக்கலியே!”

இரண்டாவது தடவை சாமி குதித்தான். கழுத்தில் ருத்ராட்சம், பல்லில் கயிறு. அரை நிமிஷத்தில் பாறையில் முடிச்சுப் போட்டுவிட்டுக் கையசைத்தான். ஜெர்மன்காரர் கை தட்டினார்.

அன்று இரவு மற்றவர்கள் தூங்கின பிறகு மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். கேப்டன் இரண்டு கோப்பைக் காபியோடு வந்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன்.

“நீச்சல் தெரியாதது தப்பே இல்ல. பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்குங்க. நீங்க குதிச்சிருந்தா நான் உங்களைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன். காத்தைப் பார்த்திருப்பேன், பக்கத்துப் படகைப் பார்த்திருப்பேன். ஏன்னா, உங்களுக்கு நீந்தத் தெரியும்னு நம்பினேன்.”

காபி தொண்டையில் இறங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “என் பேர்லயும் தப்பு இருக்கு. நாலு பேரையும் நிக்க வச்சு மொத்தமா கேட்டிருக்கக் கூடாது. தனித்தனியா கேட்டிருக்கணும். இனிமே அப்படித்தான் கேப்பேன்.”

யோசித்துப் பாருங்கள். தப்பு செய்தது நான். அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டார். நம் ஆபீஸ்களில் எத்தனை மேனேஜரிடம் இதைப் பார்த்திருக்கிறோம்?

மறுநாளிலிருந்து மேல்தளத்தில் எனக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். ஆனால், அதே கையோடு சுக்கானையும் பிடிக்கச் சொன்னார். “நீச்சல் தெரியாதவன் ஜாக்கிரதையா ஓட்டுவான்” என்றார். ஓட்டினேன்!

செவ்வாய்க்கிழமை இத்தாகா தீவு. ஹோமர் காவியத்தின் நாயகன் ஒடிஸியஸின் ஊர். கியோனி என்கிற கிராமத்தில் படகைக் கட்டினோம். நுழைவாயிலில் இடிந்துபோன மூன்று காற்றாலைகள். கடையில் சாமிக்காக சைவம் கேட்டால் பயந்துகொண்டே கேட்டோம். வந்ததைப் பார்த்தால் ‘ஃபவா’ என்று அச்சு அசல் நம் பருப்பு மசியல், மேலே ஆலிவ் எண்ணெய். ‘ஹோர்தா’ என்று எலுமிச்சை பிழிந்த கீரை. தக்காளியில் வெந்த பெரிய மொச்சை. சாமி கண்ணில் தண்ணீர்.

சாப்பிடும்போது கேப்டன் ஒடிஸியஸ் கதையைச் சொன்னார். காற்றுகளுக்குக் காவலனான ஏயோலஸ், பாதகமான காற்றையெல்லாம் ஒரு தோல் பையில் அடைத்து ஒடிஸியஸிடம் கொடுத்தான். வெளியே விட்டது மேல்காற்றை மட்டும். ஒன்பது நாள் ஓட்டினார்கள். பத்தாம் நாள் இத்தாகா கண்ணுக்கே தெரிந்தது. கரையில் நெருப்பு மூட்டுகிறவர்கள் தெரிகிற தூரம். அசதியில் ஒடிஸியஸ் கண் அசந்தான். ‘பை நிறையத் தங்கம், நமக்குத் தராமல் ஒளிக்கிறான்’ என்று மாலுமிகள் அவிழ்த்துவிட்டார்கள். புயல் அடித்து, கிளம்பின இடத்துக்கே கப்பலைக் கொண்டுபோய்ப் போட்டது.

“ஸ்கூல்ல மாலுமிங்க பேராசைன்னு சொல்லிக் கொடுத்தாங்க. படகு ஓட்ட ஆரம்பிச்சப்புறம்தான் வேற மாதிரி தோணுச்சு. பைக்குள்ள என்ன இருக்குன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கீரையைப் பார்த்தேன்.

புதன் கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்டோ. 1953 ஆகஸ்ட் பூகம்பம் அந்தத் தீவில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தரைமட்டமாக்கியபோது தப்பி நின்ற ஊர். வெனிஸ் காலத்து வண்ண வண்ண வீடுகள் இன்னும் நிற்கின்றன. அதற்குப் பக்கத்தில் ஒரு கூழாங்கல் கரை. இடுப்பளவு தண்ணீர்.

“இறங்குடா” என்றான் சாமி.

“வேணாம்டா...”

“மத்தியதரைக் கடல்ல உப்பு ஜாஸ்தி. தானா மிதப்பே. மேடம் சொன்னாங்க.”

முதலில் லைஃப் ஜாக்கெட்டோடு மல்லாந்தேன். பிறகு அதைக் கழற்றச் சொன்னான். முதுகுக்கு அடியில் அவன் உள்ளங்கை. “வானத்தைப் பாரு, மூச்சை இழு, கழுத்தை விடு... விடுடா, கழுத்து ஓடிடாது!” காதுக்குள் தண்ணீர் போய் உலகம் நிசப்தமாகியது. மேலே நீலம், கீழே நீலம். ஒரு மேகத்தைப் பார்த்துக்கொண்டே, “கையை எடுத்துடாதே சாமி!” என்றேன்.

பதில் தூரத்திலிருந்து வந்தது. அவன் கரையில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை லெஃப்கடாவுக்குத் திரும்பினோம். கீறல் ஒன்றுகூட இல்லை. டெபாசிட் முழுசாகத் திரும்பியது. அக்கவுண்ட்ஸ் அன்றுதான் தூங்கினான்.

திங்கட்கிழமை ஆபீஸ். மீட்டிங்கில் மேனேஜர் ஒரு புது சாஃப்ட்வேர் பெயரைச் சொல்லி, “இது உனக்குத் தெரியும்தானே?” என்றார். இத்தனை வருஷமும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்: “தெரியும் சார், பண்ணிடலாம் சார்.” அப்புறம் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து முழிப்பது.

“தெரியாது சார். ரெண்டு வாரம் கொடுங்க, கத்துக்கறேன்” என்றேன்.

அறையே அமைதியாகிவிட்டது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “குட்” என்றார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன்!

இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு நீச்சல் குளத்துக்குப் போகிறேன். ஆரம்ப நிலை வகுப்பில் என்னைத் தவிர எல்லாருக்கும் ஏழு, எட்டு வயசு. முதல் நாள் ஓரத்தில் நான் தயங்கி நின்றதைப் பார்த்து ஒரு பொடியன் கேட்டான்:

“அங்கிள், நீச்சல் தெரியுமா?”

“தெரியாது” என்றேன், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி.

“பயப்படாதீங்க அங்கிள். நான் இருக்கேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டான்.